மதலேன் செய்யாத பாவம்

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வராந்தாவில் ஞானோபதேச வகுப்பு நடக்கும். தவக்காலம் என்பதால் அன்றைக்குப் பாவசங்கீர்த்தனம் பற்றிய பாடம். மதலேன் மரியாள் விபச்சாரியாக இருந்தவள், ஆண்டவருடைய பாதங்களைக் கண்ணீரால் நனைத்து, கூந்தலால் துடைத்து, மன்னிப்புப் பெற்றவள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அர்த்தம் கேட்டதற்கு, 'கெட்டவள்' என்று பதில் வந்தது.

எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. என் அப்பாயிக்கு அந்தப் புனிதையின் பெயர்தான். வீட்டுக்கு ஓடி வந்து, "அப்பாயி, உனக்கு ஏன் கெட்ட பொம்பள பேர வச்சாங்க?" என்று கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "சாமியாரு வச்ச பேரு. நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி கீரையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்பாயிக்கு எழுத்து தெரியாது. அவர் பாதி வாழ்க்கை வரை கேட்ட பூசை முழுவதும் லத்தீனில் நடந்தது. ஜெபமாலையும் பிரார்த்தனைகளும் மனப்பாடம். விவிலியத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குச் சாமியார் சொல்லித்தான் தெரியும். சாமியாருக்கு, அவருக்கு முன்னே இருந்தவர்கள் சொல்லித் தெரியும்.

கல்லூரி நாட்களில் ஒரு விடுமுறையில் நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். விபச்சாரியான மதலேனைத் தேடிக்கொண்டே வாசித்தேன். அப்படி ஒருத்தி அங்கே இல்லை.

எழுதப்பட்டதும் சொல்லப்பட்டதும்

கத்தோலிக்கப் போதனைகளுக்கும் வழக்கங்களுக்கும் விவிலியத்தில் ஆதாரம் உண்டா என்பது ஐந்நூறு ஆண்டுப் பழைய சண்டை. விவிலியம் மட்டுமே போதும் என்றார் மார்ட்டின் லூதர். அதற்குப் பதிலாக, 1546 ஏப்ரல் 8 அன்று திரிதெந்தின் பொதுச்சங்கம் ஓர் ஆணை வெளியிட்டது. எழுதப்பட்ட நூல்களையும், திருத்தூதர்கள் வழியாக எழுத்தில் வராமல் கைமாறி வந்த மரபுகளையும் ஒரே அளவு மரியாதையோடு ஏற்கிறோம் என்பது அதன் சாரம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இதைக் கொஞ்சம் மென்மையாகச் சொன்னது: விவிலியமும் மரபும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை, இரண்டுக்கும் பொருள் சொல்லும் பொறுப்பு திருச்சபையின் ஆசிரியத்திடம் இருக்கிறது. அந்த ஆசிரியம் என்பது ஆயர்களும் திருத்தந்தையும். எல்லாரும் ஆண்கள்.

இந்தச் சண்டையின் தடம் நம் அச்சு வரலாற்றிலும் இருக்கிறது. தமிழில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. கத்தோலிக்கத் துறவி என்ரிக்கே என்ரிக்கஸ் கொண்டுவந்த அந்தப் புத்தகம் ஒரு ஞானோபதேசச் சுவடி. புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சேறியது 1715இல், தரங்கம்பாடியில், லூத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கின் கையால். இரண்டுக்கும் இடையே 137 ஆண்டுகள். கத்தோலிக்கர் நமக்கு முதலில் தந்தது போதனையை. மூல நூல் மறு தரப்பிடமிருந்து வந்தது.

இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. இரண்டாயிரம் ஆண்டு நீடிக்கும் எந்தச் சமூகமும் ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாழ முடியாது. வழக்கமும் நினைவும் சேர்ந்துதான் வரும். நான் கேட்பது வேறு. பெண்களைப் பற்றிய விஷயங்களில் புத்தகம் எப்போது எடுக்கப்படுகிறது, மரபு எப்போது எடுக்கப்படுகிறது? அதற்கு ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

மூன்று பெண்கள் ஒருத்தியான கதை

முதலில் மதலேன். நான்கு நற்செய்திகளிலும் அவர் இருக்கிறார். கலிலேயக் கடலோரத்தில் மீன்பிடித் தொழில் நடந்த மகதலா என்ற ஊர்க்காரி. லூக்கா எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் இயேசுவோடு ஊர் ஊராக நடந்த பெண்களின் பட்டியல் வருகிறது. ஏழு பேய்கள் நீங்கிய மகதலா மரியா, ஏரோதின் மாளிகை அதிகாரி கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா, இன்னும் பலர். தங்கள் கைப்பொருளைச் செலவழித்து அந்தக் கூட்டத்தைப் பேணியவர்கள் என்று லூக்கா குறிப்பிடுகிறார். அதாவது இயேசுவின் பயணத்துக்குச் சோறு போட்டவர்கள்.

பிறகு சிலுவையடியில் இருக்கிறார். அடக்கத்தைப் பார்க்கிறார். வெற்றுக் கல்லறைக்குப் போகிறவர்கள் யார் யார் என்பதில் நற்செய்திகளுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் நான்கிலும் வரும் பெண்ணின் பெயர் மகதலா மரியாதான். யோவான் இருபதாம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசு முதலில் தோன்றுவது அவருக்கு. போய்ச் சகோதரர்களிடம் சொல் என்று அனுப்பப்படுபவரும் அவரே. கிரேக்கத்தில் 'அப்போஸ்தலர்' என்ற சொல்லுக்கு 'அனுப்பப்பட்டவர்' என்றுதான் பொருள்.

அப்படியானால் கூந்தலால் பாதம் துடைத்தவர் யார்? லூக்கா ஏழாம் அதிகாரக் கடைசியில், பரிசேயர் சீமோன் வீட்டு விருந்துக்குள் நுழையும் ஒரு பெண். அவருக்குப் பெயர் இல்லை. நகரத்தில் பாவியாக அறியப்பட்டவர் என்று மட்டும் இருக்கிறது. யோவான் பன்னிரண்டில் பெத்தானியா ஊரில் மார்த்தாவின் தங்கை மரியா பாதத்தில் தைலம் பூசிக் கூந்தலால் துடைக்கிறார். அவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. மகதலா மரியா மூன்றாவது ஆள். அவர் யாருக்கும் தைலம் பூசி நற்செய்தியில் நாம் பார்ப்பதில்லை. கல்லறைக்குக் கொண்டுபோன வாசனைப் பொருட்களும் பயன்படாமல் போயின.

ஏழு பேய்கள் என்றால்? நற்செய்திகளில் பேய் பிடிப்பது நோயின் அடையாளம். லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்துக் கல்லறைகளுக்கு நடுவே அலைந்த ஆணின் கதை மாற்குவில் இருக்கிறது. அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் உண்டு. லூக்கா அந்தப் பெயரில்லாப் பெண்ணைப் பாவி என்றுதான் சொல்கிறார், விபச்சாரி என்று சொல்லவில்லை. இரண்டு அதிகாரம் முன்னால், வலை நிறைய மீன் கிடைத்ததும் பேதுரு இயேசுவின் காலில் விழுந்து தன்னைப் பாவி என்று சொல்லிக்கொள்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். பேதுரு என்ன பாவம் செய்தார் என்று யாரும் துருவிக் கேட்டதில்லை. பெண் பாவி என்றால் அது ஒரே பாவம்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

591ஆம் ஆண்டு ரோமில் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஒரு மறையுரை நிகழ்த்தினார். லூக்கா பாவி என்பவளும், யோவான் பெத்தானியா மரியா என்பவளும், ஏழு பேய்கள் நீங்கிய மரியாவும் ஒரே பெண் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். ஏழு பேய்களை ஏழு தீக்குணங்கள் என்றார். கையிலிருந்த தைலம் முன்பு அவள் தன் உடலுக்கு மணமூட்டிக்கொள்ளப் பயன்படுத்தியது என்றும் விளக்கினார். கிரகோரி கெட்ட எண்ணத்தோடு இதைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் கொள்ளைநோய் அவருக்கு முன்பிருந்த திருத்தந்தையைக் கொண்டுபோயிருந்தது. சாவைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு, எவ்வளவு பெரிய பாவிக்கும் மன்னிப்பு உண்டு என்று சொல்ல அவருக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. அதற்கு ஒரு பெண் கிடைத்தார். உயிர்ப்பின் முதல் சாட்சியாக இருந்தவர், அன்றிலிருந்து மன்னிக்கப்பட்ட விபச்சாரியானார்.

கிழக்கத்தியத் திருச்சபைகள் இந்தக் கலவையை ஏற்கவே இல்லை. அங்கே மூவரும் மூவராகவே இருந்தார்கள். மேற்கில்தான் அந்த உரை மரபாகக் கெட்டிப்பட்டது. 1517இல் ழாக் லெஃபேவ்ர் என்ற பிரெஞ்சு அறிஞர், விவிலியத்தை ஒழுங்காகப் படித்தால் இவர்கள் மூன்று பெண்கள் என்று தெரியும் என எழுதினார். அவரும் கத்தோலிக்கர்தான். இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் ஆயர் ஜான் ஃபிஷர் அவரை மறுத்து எழுதினார். பாரிஸ் இறையியல் பீடம் 1521இல் லெஃபேவ்ரின் கருத்தைக் கண்டனம் செய்தது. புத்தகத்தில் இருப்பதைச் சொன்னவர் குற்றவாளியானார்.

திருத்தம் வர மேலும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டியைச் சீரமைத்தபோது, மதலேன் திருநாளான ஜூலை 22இன் வாசகம் லூக்கா ஏழிலிருந்து யோவான் இருபதுக்கு மாறியது. பாதம் துடைத்த பெண்ணின் கதை போய், கல்லறைத் தோட்டத்தின் கதை வந்தது. 2016 ஜூன் 3 தேதியிட்ட ஆணையின்படி, திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நினைவுநாளைத் திருத்தூதர்களின் திருநாட்களுக்குச் சமமான விழாவாக உயர்த்தினார். 'திருத்தூதர்களுக்குத் திருத்தூதர்' என்ற பட்டம் அன்றைய பூசை மன்றாட்டிலேயே சேர்ந்தது. அது புதிய பட்டம் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ்கூட மதலேனைப் பற்றி அப்படி எழுதியிருக்கிறார். பட்டமும் பழியும் பல நூற்றாண்டுகள் பக்கத்தில் பக்கத்திலேயே இருந்தன. ஊருக்கு வந்து சேர்ந்தது பழி மட்டும்.

எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் இன்றைக்கும் மதலேன் தலைவிரி கோலமாகத்தான் மேடைக்கு வருகிறார்.

பெயர் செய்த வேலை

ஒரு பழைய மறையுரையின் பிழைக்கு இவ்வளவு வருத்தப்பட வேண்டுமா என்று கேட்கலாம். அயர்லாந்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

'வழிதவறிய' பெண்களைத் திருத்துவதற்கென்று 18ஆம் நூற்றாண்டில் தோன்றிய காப்பகங்களுக்கு மதலேன் பெயர்தான் வைத்தார்கள். லண்டனில் 1758இலும் டப்ளினில் 1767இலும் தொடங்கிய முதல் விடுதிகள் புராட்டஸ்டண்டுகளுடையவை. விவிலியம் மட்டும் போதும் என்று பிரிந்துபோனவர்களும், விவிலியத்தில் இல்லாத இந்த மதலேனை மட்டும் கூடவே கொண்டுபோயிருந்தார்கள். பின்னாளில் அயர்லாந்தில் இவை கத்தோலிக்கக் கன்னியர் மடங்கள் நடத்திய சலவைக்கூடங்களாகப் பெருகின.

உள்ளே போனவர்கள் எல்லாரும் பாலியல் தொழில் செய்தவர்கள் இல்லை. திருமணமாகாமல் கருவுற்றவர்கள், அநாதைச் சிறுமிகள், வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்கள், சின்னக் குற்றங்களுக்காக நீதிமன்றம் அனுப்பியவர்கள். மடத்துக்கு உள்ளே பலருக்கு வேறு பெயர் வைக்கப்பட்டது. ஓட்டல்கள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்களிலிருந்து வந்த அழுக்குத் துணிகளைக் கூலியில்லாமல் துவைத்தார்கள். 1922க்குப் பிறகு மட்டும் சுமார் 10,000 பெண்கள் இந்தக் கூடங்களுக்குள் போனதாக 2013இல் வெளியான அரசு விசாரணை அறிக்கை கணக்கிட்டது. 1993இல் டப்ளினில் ஒரு மடம் தன் நிலத்தை விற்றபோது, அங்கே புதைக்கப்பட்டிருந்த பெண்களைத் தோண்டி எடுத்தார்கள். 133 பேர் என்று அனுமதி வாங்கிய இடத்தில் 155 பேரின் எச்சங்கள் இருந்தன. கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996இல். அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி 2013 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

மதலேனின் பெயரால்தான் இவ்வளவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. வறுமை, சொத்து, குடும்ப மானம், அரசின் கைகழுவல் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் பெண்ணின் பாவம் என்றால் அது உடலின் பாவம், அது தீர வாழ்நாள் முழுதும் அழ வேண்டும் என்ற கதை ஏற்கெனவே எல்லார் மனதிலும் இருந்ததால்தான், அந்தப் பெயரை வாசலில் எழுதியபோது யாருக்கும் உறுத்தவில்லை.

புத்தகம் மௌனமாக இருக்கும்போது

மதலேன் விஷயத்தில் புத்தகம் தெளிவாகப் பேசியது, மரபு அதை மீறியது. இனி புத்தகம் பேசாத இடங்களைப் பார்க்கலாம்.

1950 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மாதா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பதை எல்லாக் கத்தோலிக்கரும் நம்ப வேண்டிய கோட்பாடாக அறிவித்தார். விவிலியத்தில் மரியாவின் இறுதி நாட்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பெந்தகோஸ்துக்கு முன்பு சீடர்களோடு ஜெபித்துக்கொண்டிருந்தார் என்பதோடு அவர் நம் பார்வையிலிருந்து மறைகிறார். அவருடைய முடிவு யாருக்கும் தெரியாது என்று நான்காம் நூற்றாண்டு ஆயர் எப்பிபானியுஸ் எழுதினார். பிற்காலக் கதைகளும் திருநாட்களும் பக்தர்களின் நம்பிக்கையும் சேர்ந்துதான் அந்த இடத்தை நிரப்பின. 1950 ஆவணம் விவிலியத்தின் சில மறைமுகக் குறிப்புகளைக் காட்டுகிறது. ஆனால் அது பெரிதும் சாய்ந்து நிற்பது, திருச்சபை முழுதும் நெடுங்காலமாக இதை நம்பி வருகிறது என்பதன் மேல்தான். ஆகஸ்ட் 15 அன்று தேர் இழுக்கும் எங்கள் ஊர்ப் பெண்களில் ஒருவரும் இதற்கு வசனம் எங்கே என்று கேட்பதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ஒரு தாயின் உடல் மண்ணில் அழுகவில்லை என்று நம்ப விரும்பிய மக்களின் ஆசை அதில் இருக்கிறது. புத்தகம் சொல்லாததையும் திருச்சபை தன் வாழ்விலிருந்து கண்டுகொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்தது, குருக்கள் மணம் செய்யக் கூடாது என்ற விதி. இங்கே புத்தகம் மௌனமாகவும் இல்லை. பேதுருவின் மாமியார் காய்ச்சலில் படுத்திருந்ததை மாற்கு முதல் அதிகாரத்திலேயே சொல்கிறார். மாமியார் இருந்தால் மனைவியும் இருந்திருக்க வேண்டும். மற்றத் திருத்தூதர்களும் கேபாவும் (பேதுருவின் மற்றொரு பெயர்) மனைவியரைக் கூட அழைத்துச் செல்வதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். சபைக் கண்காணிப்பாளர் ஒரே மனைவியை உடையவராக இருக்க வேண்டும் என்கிறது திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம். துறவறத்தைப் போற்றும் வசனங்களும் உண்டு, ஆனால் அவை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. லத்தீன் திருச்சபையில் குருக்களின் திருமணம் செல்லாது என்று 1139இல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் தீர்த்துச் சொன்னது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது குருக்களின் தியாகம் பேசப்படும். அவர்களுடைய மனைவிமார் என்ன ஆனார்கள் என்ற பேச்சு வருவதில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1089இல் மெல்ஃபியில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் தலைமையில் கூடிய சங்கம், மனைவியை விட்டு விலகாத உப திருத்தொண்டர்களின் மனைவியரை அடிமைகளாக்கிக்கொள்ள அந்தந்த ஊர்ப் பிரபுக்களுக்கு அனுமதி தந்தது. விதியை மீறியவர் கணவர். அடிமையானவர் மனைவி.

கதவு எந்தச் சாவியால் பூட்டப்பட்டது

இப்போது மூன்றாவது கேள்வி. பெண்கள் ஏன் குருவாகக் கூடாது?

இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார், பன்னிருவரும் ஆண்கள் என்பதுதான் நாம் எப்போதும் கேட்கும் பதில். அதாவது இங்கே புத்தகம் எடுக்கப்படுகிறது. சரி, புத்தகத்தையே பார்ப்போம். பன்னிருவரும் யூதர்கள். யூதர் அல்லாத ஆண்கள் குருவாவதற்கு அது தடையாகவில்லை. குறைந்தது பேதுரு மணமானவர். மணமாகாதவர்களை மட்டும் குருவாக்க அதுவும் தடையாகவில்லை. பலி செலுத்தும் 'குரு' என்ற சொல்லால் பன்னிருவரில் ஒருவரையும் புதிய ஏற்பாடு அழைப்பதில்லை.

1970களில் வத்திக்கானின் சொந்த விவிலிய ஆணைக்குழுவிடமே இந்தக் கேள்வி போனது. வாக்களித்த 17 அறிஞர்களும், புதிய ஏற்பாடு தன்னளவில் இந்தக் கேள்விக்குத் தெளிவான முடிவைத் தரவில்லை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். பெண்களை விலக்கி வைப்பதற்கு விவிலிய ஆதாரம் மட்டும் போதாது என்று 12 பேர் வாக்களித்தார்கள், 5 பேர் எதிர்த்தார்கள். 1976இல் இந்த அறிக்கை வெளியே கசிந்தது. அதே ஆண்டு அக்டோபர் தேதியிட்டு, பெண்களைக் குருவாக்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்ற ஆவணம் வந்தது. 1994இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதையே இறுதி முடிவாக அறிவித்தார். புத்தகம் முடிவு சொல்லவில்லை என்று அறிஞர்கள் சொன்ன பிறகு, இடைவிடாத மரபு முடிவு சொன்னது.

அந்த மரபாவது இடைவிடாததா? உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரம் வெறும் வாழ்த்துப் பட்டியல். பூசையில் தூக்கம் வரவைக்கும் பகுதி. அதில்தான் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் கெங்கிரேயா துறைமுகச் சபையின் பெபேயாள். அவரைப் பவுல் 'தியாக்கோனோஸ்' என்கிறார். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள புராட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமம் இதை 'ஊழியக்காரி' என்று பெயர்க்கிறது. பிலிப்பியர் கடிதத்தின் தொடக்கத்தில் அதே கிரேக்கச் சொல் பன்மையில் வரும்போது அது 'உதவிக்காரர்' என்ற சபைப் பதவியாகிவிடுகிறது. ஆணுக்குப் பதவி, பெண்ணுக்கு வேலை.

மற்றவர் யூனியா. அவரையும் அந்திரோனிக்கையும் திருத்தூதர்களுள் பெயர்பெற்றவர்கள் என்கிறார் பவுல். நான்காம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம், பெண்களைப் பற்றிப் பெருந்தன்மையாக எழுதியவர் இல்லை. அவரே யூனியாவைத் திருத்தூதர் என்று அழைக்கத் தகுந்த பெண் என வியந்து பாராட்டுகிறார். இடைக்காலத்தில் அவர் ஆணாக்கப்பட்டார். லூதரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் ஆண்தான். 1927இல் நெஸ்ட்லே கிரேக்கப் பதிப்பு ஓர் உச்சரிப்புக் குறியை மாற்றி அவரை 'யூனியாஸ்' என்ற ஆணாக்கியது. அப்படி ஓர் ஆண் பெயர் பண்டைய ரோமானியக் கல்வெட்டுகளில் ஒன்றில்கூடக் கிடைத்ததில்லை. யூனியா என்ற பெண் பெயரோ நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. 1977இல் பெர்னடெட் ப்ரூட்டன் என்ற பெண் ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். 1998 அச்சில் யூனியா மறுபடியும் பெண்ணானார்.

மதலேனைத் திருத்தூதர் நிலையிலிருந்து பாவியாக்கினார்கள். யூனியா திருத்தூதராகவே இருந்தார், அதனால் அவரை ஆணாக்கினார்கள். இரண்டும் ஒரே வேலைதான்.

புத்தகமும் குற்றமற்றது இல்லை

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் மரபைத் தூக்கிப் போட்டுவிட்டு விவிலியத்துக்குத் திரும்பினால் போதுமே என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டார். போதாது. பெண்கள் சபையில் பேசாதிருக்கட்டும் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. பெண் உபதேசிக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. பிந்தையது பவுல் கையால் எழுதியதல்ல என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். முந்தைய வரி உள்ள அதே கடிதத்தில், பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் இறைவாக்கு உரைப்பதையும் பவுல் இயல்பான விஷயமாகப் பேசுகிறார். இருந்தும் அந்த வரிகள் பெண்களின் வாயை அடைத்திருக்கின்றன. உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலைப் பவுல் கொரிந்தியருக்குத் தரும்போது கேபா, பன்னிருவர், ஐந்நூறு சகோதரர், யாக்கோபு எல்லாரும் வருகிறார்கள். மதலேன் இல்லை. அழிக்கிற வேலை மரபில் தொடங்கவில்லை, எழுத்திலேயே தொடங்கிவிட்டது.

மாற்கு பதினான்கில், பெத்தானியாவில் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றிய ஒரு பெண் வருகிறார். உலகில் எங்கே நற்செய்தி சொல்லப்பட்டாலும் அவர் செய்தது நினைவுகூரப்படும் என்று இயேசு வாக்களிக்கிறார். அந்த வாக்கைப் பதிவு செய்த மாற்கு, அவருடைய பெயரைப் பதிவு செய்யவில்லை. எலிசபெத் ஷூஸ்லர் ஃபியொரென்சா என்ற கத்தோலிக்கப் பெண்ணிய இறையியலாளர் 1983இல் வெளியிட்ட தன் புத்தகத்துக்கு அந்த வாக்கிலிருந்துதான் தலைப்பு எடுத்தார்: அவள் நினைவாக.

ஆகவே, 'இதற்கு விவிலிய ஆதாரம் உண்டா?' என்று மட்டும் கேட்டால் பெண்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. புத்தகம் மதலேனுக்குச் சாதகமாகப் பேசியபோது மரபு வென்றது. மாதாவைப் பற்றிப் புத்தகம் பேசாதபோது மக்களின் நம்பிக்கையே ஆதாரமாக ஏற்கப்பட்டது. குருத்துவத்தைப் பற்றிப் புத்தகம் முடிவு சொல்லாதபோது, அதே மக்களின் நம்பிக்கையும் அனுபவமும் கணக்கில் வரவில்லை. மூன்று வழக்கிலும் அளவுகோல் மாறிக்கொண்டே இருந்தது. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் மட்டும் மாறவில்லை. மரபு மாறக்கூடியது என்பதை 1969 காட்டிவிட்டது. மாற்ற எவ்வளவு காலமாகும் என்பதையும் 591இலிருந்து எண்ணிப் பார்க்கலாம்.

அப்பாயி இறந்து பல வருடங்களாகின்றன. அவருக்கு வைத்த பெயர் கெட்ட பொம்பளை பெயர் இல்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 22 அன்று பூசைக்குப் போகிறேன். எங்கள் பங்கில் முதல் வாசகத்தைப் பெரும்பாலும் பெண்கள்தான் வாசிக்கிறார்கள். நானும் வாசித்திருக்கிறேன். வாசகர் என்ற பணிநிலையைப் பெண்களுக்கு முறைப்படி அளிக்கலாம் என்று 2021இல்தான் சட்டம் மாறியது. பிறகு எல்லாரும் எழுந்து நிற்போம். கல்லறைத் தோட்டத்தில் மரியா அழுதுகொண்டு நின்றதும், அவர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும், போய்ச் சொல் என்று அனுப்பப்பட்டதும் வாசிக்கப்படும். அது நற்செய்தி வாசகம். பூசையில் அதை வாசிக்கத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆணுக்கு மட்டுமே அனுமதி.